பாட் சம்மிட்டும் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தும்

பாட் சம்மிட் (பாட்ரீசியா சூ ஹெட் சம்மிட், ஜூன் 14, 1952 – ஜூன் 28, 2016) அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை, பயிற்சியாளர். 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அமெரிக்கப் பெண்கள் அணியின் இணைத் தலைவர். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் பயிற்சியாளர். 1974 முதல் 2012 வரை 38 பருவங்கள் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியைப் பயிற்றுவித்தார். அந்த அணி அவரது காலத்தில் 1,098 ஆட்டங்களில் வென்று, 208 ஆட்டங்களில் தோற்றது. 8 முறை தேசிய வாகையர் பட்டம் பெற்றது.

இந்த எண்கள் பெரியவை. ஆனால் பாட் சம்மிட்டின் வாழ்க்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர் ஆடத் தொடங்கியபோது கல்லூரிகளில் பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடையாது. பயிற்சியாளராக ஓய்வுபெற்றபோது பெண்கள் ஆட்டம் பல்லாயிரம் பேர் கூடும் அரங்குகளில் நடந்தது. இடைப்பட்ட நாற்பதாண்டு மாற்றத்தில் அவர் வீராங்கனையாகவும் பயிற்சியாளராகவும் நேரடியாகப் பங்கேற்றார். அவரது வரலாறு அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தின் வரலாற்றோடு சேர்த்தே படிக்கத் தக்கது.

பின்னணி: பெண்களுக்கென வகுத்த விதிகள்

கூடைப்பந்து 1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உடற்கல்வி கற்பித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரையின்கீழ் ஆடுவதற்காக இதை உருவாக்கினார். அடுத்த ஆண்டே, அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த செண்டா பெரன்சன் தம் மாணவியருக்கு இந்த ஆட்டத்தைக் கற்பித்தார்.

அக்காலத்தில் பெண்கள் வேகமாக ஓடினால் உடல்நலம் கெடும் என்றும், முரட்டு ஆட்டம் பெண்மைக்கு ஒவ்வாது என்றும் கருதப்பட்டது. எனவே பெரன்சன் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவர் அடுத்த பகுதிக்குள் போகக் கூடாது. எதிராளியின் கையிலிருக்கும் பந்தைத் தட்டிப் பறிக்கக் கூடாது. பெண்களை ஆட்டத்துக்குள் கொண்டுவர இவ்விதிகள் வழிசெய்தன. அதேசமயம் அவர்களை ஒரு கோட்டுக்குள் நிறுத்தியும் வைத்தன.

இவ்விதிகள் காலப்போக்கில் 'ஆறு பேர் ஆட்டம்' என்னும் வடிவம் பெற்றன. அணிக்கு ஆறு பேர். மூவர் களத்தின் ஒரு பாதியில் நின்று கூடையில் பந்தெறிவர். மற்ற மூவர் மறுபாதியில் நின்று தடுப்பர். இரு தரப்பும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. தடுப்பவராகத் தேர்வான ஒரு மாணவி தன் பள்ளிக்காலம் முழுவதிலும் ஒருமுறைகூடக் கூடையை நோக்கிப் பந்தெறிய வாய்ப்பில்லை. டென்னசி மாநிலப் பள்ளிகளில் இந்த முறை 1979 வரை நீடித்தது. பாட் சம்மிட் படித்ததும் அந்த மாநிலத்துப் பள்ளியில்தான்.

பிறப்பு, இளமை

பாட் டென்னசி மாநிலம் கிளார்க்ஸ்வில் நகரில் பிறந்தார். பெற்றோர் ரிச்சர்ட் ஹெட், ஹேசல் ஹெட். அவருக்கு முன் மூன்று அண்ணன்மார், பின் ஒரு தங்கை. வீட்டில் அவரை 'டிரிஷ்' என்று அழைத்தனர். 'பாட்' என்ற பெயர் பின்னாளில் வந்தது.

குடும்பத்தின் தொழில் வேளாண்மை. பால் மாடுகளும் புகையிலைச் சாகுபடியும் இருந்தன. வைக்கோல் கட்டுவது, புகையிலை வெட்டுவது, பால் கறப்பது ஆகிய வேலைகளில் மகன் மகள் என்ற வேறுபாட்டைத் தந்தை காட்டவில்லை. மாலை வேலைகள் முடிந்தபின் பிள்ளைகள் வைக்கோல் பரணில் ஏறி, விளக்கு வெளிச்சத்தில் கூடைப்பந்து ஆடினர். மூன்று அண்ணன்மாரும் தங்கை என்று விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பரணில் நடுக்கோடும் இல்லை.

தந்தை ரிச்சர்ட் கண்டிப்பானவர், அதிகம் பேசாதவர். அவர் தம்மை முதன்முதலாகக் கட்டியணைத்தது தமது 43-ஆம் வயதில்தான் என்று பாட் பின்னாளில் கூறியிருக்கிறார். ஆனால் மகளுக்காக அவர் எடுத்த ஒரு முடிவு முக்கியமானது. கிளார்க்ஸ்வில் உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்று தெரிந்ததும், அணி இருந்த சீத்தம் மாவட்டப் பள்ளியில் மகள் சேர்வதற்காகக் குடும்பத்தையே ஹென்ரீட்டா என்ற சிற்றூருக்கு மாற்றினார்.

கல்லூரியும் ஆட்டமும்

1970-இல் பாட் மார்ட்டின் நகரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகக் கிளையில் சேர்ந்தார். அண்ணன்மாருக்குக் கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. அவர்களைவிடக் குறைந்த திறமையுடையவர் அல்லர் என்றாலும், பாட்டுக்குப் பெற்றோர்தான் பணம் கட்டினர். பெண்களுக்கு அத்தகைய உதவித்தொகை அப்போது இல்லை.

பயிற்சியாளர் நடின் கியரினின் கீழ் பாட் நான்கு ஆண்டுகள் ஆடினார். சீருடை, பயணம், உணவு என ஒவ்வொன்றுக்கும் அணியே பணம் தேட வேண்டியிருந்த காலம் அது. ஆயினும் பாட்டின் ஆட்டம் மாநிலத்துக்கு வெளியிலும் கவனம் பெற்றது. 1973-இல் மாஸ்கோவில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளில் அமெரிக்க அணிக்காக ஆடினார். அந்த அணி வெள்ளி வென்றது.

1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கல்லூரியின் இறுதிப் பருவத்தில், அவருக்கு முழங்காலில் தசைநார் அறுந்தது. இன்று அறுவை மருத்துவத்தால் குணமாகும் இந்தக் காயம் அன்று பல வீரர்களின் ஆட்டத்தை முடித்துவைத்தது. ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்பது மருத்துவரின் கருத்து. அடுத்த ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து சேர்க்கப்பட இருந்தது அப்போது தெரிந்த செய்தி. தம் மகள் அங்கே ஆடப் போகிறவள், முழங்காலைச் சரிசெய்யுங்கள் என்று தந்தை மருத்துவரிடம் சொன்னதாகப் பாட் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

22 வயதில் தலைமைப் பயிற்சியாளர்

1974-இல் உடற்கல்வியில் இளநிலைப் பட்டம் பெற்ற பாட், நாக்ஸ்வில் நகரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகத்தில் முதுநிலைப் படிப்புக்குச் சென்றார். படிப்போடு பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருப்பது ஏற்பாடு. ஆனால் தலைமைப் பயிற்சியாளர் மார்கரெட் ஹட்சன் ஆய்வு விடுப்பில் செல்லவே, அந்தப் பொறுப்பு 22 வயதுப் பாட்டிடம் வந்தது. அதற்குமுன் அவர் ஓர் ஆட்டத்துக்கும் பயிற்சியாளராக இருந்ததில்லை. அணியில் இருந்த சிலர் அவரைவிட ஒரு வயதே இளையவர்கள்.

மாத ஊதியம் 250 டாலர். அந்த ஆண்டு அவர் செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் ஒருவர் செய்யக் கூடியதா என்ற ஐயம் எழும். உடற்கல்வி வகுப்புகள் எடுத்தார். முதுநிலைப் பாடங்களைப் படித்தார். அறுவை மருத்துவம் செய்த முழங்காலுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒலிம்பிக்கை மனத்தில் கொண்டு தாமும் ஆடினார். இவற்றோடு அணியைப் பயிற்றுவித்தார். வெளியூர் ஆட்டங்களுக்கு வேனை ஓட்டியவரும் அவரே, சீருடைகளைத் துவைத்தவரும் அவரே. அந்தச் சீருடைகள் டோனட் விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. ஒருமுறை விடுதிக்குப் பணமின்றி, எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே பாய் விரித்துத் தூங்கி, மறுநாள் அதே கூடத்தில் ஆடினர்.

முதல் தேர்வுப் பயிற்சியில் மாணவியரைக் கடுமையாக ஓடவிட்டார். ஓடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் அப்படியே கதவைத் தாண்டி வெளியே போனவர்கள்தாம், திரும்பவில்லை. முதல் ஆட்டம் 1974 டிசம்பர் 7 அன்று மெர்சர் பல்கலைக்கழக அணியுடன். டென்னசி 83–84 என ஒரு புள்ளியில் தோற்றது. முதல் வெற்றி 1975 ஜனவரியில் மிடில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிராகக் கிடைத்தது. பருவத்தின் முடிவில் 16 வெற்றி, 8 தோல்வி. அடுத்த 37 பருவங்களிலும் வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக இருந்த பருவம் ஒன்றுகூட இல்லை.

மான்ட்ரியால் 1976

ஆண்கள் கூடைப்பந்து 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது. பெண்களுக்கு அந்த வாய்ப்பு வர மேலும் நாற்பதாண்டுகள் ஆயின. 1976 மான்ட்ரியாலில் ஆறு நாடுகள் பங்கேற்றன. அமெரிக்க அணிக்குப் பில்லி மூர் பயிற்சியாளர். பாட் ஹெட் இணைத் தலைவர். அப்போது அவருக்கு 24 வயது. அணியின் மூத்தவர்களில் ஒருவர். லூசியா ஹாரிஸ், ஆன் மையர்ஸ், 18 வயதான நான்சி லீபர்மன் ஆகியோர் உடன் ஆடினர்.

ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்தின் முதல் கூடையை லூசியா ஹாரிஸ் போட்டார். ஆனால் ஜப்பானுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அமெரிக்கா தோற்றது. உயரத்தில் யாரும் நெருங்க முடியாத உலியானா செம்யோனோவாவைக் கொண்ட சோவியத் அணி அமெரிக்காவை 112–77 என்று வென்று தங்கம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெள்ளி.

அந்தத் தோல்வி பாட்டுக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. சோவியத் வீராங்கனைகள் சிறுவயது முதல் முறையான பயிற்சியும் அரசின் ஆதரவும் பெற்றவர்கள். அமெரிக்கப் பெண்களோ பரணிலும் தெருவிலும் கற்று, சொந்தச் செலவில் ஆடியவர்கள். திறமை இரு பக்கமும் இருந்தது. கற்பிக்கும் அமைப்பு ஒரு பக்கமே இருந்தது. வீராங்கனையாக அவரது வாழ்க்கை மான்ட்ரியாலோடு நிறைவுற்றது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்த அமைப்பை உருவாக்குவதில் கழிந்தது.

சட்டமும் நடுக்கோடும்

1972 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் கல்வித் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் ஒன்பதாம் தலைப்பு, மைய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் வேறுபாடு காட்டக் கூடாது என்றது. சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆயினும் பள்ளி, கல்லூரி விளையாட்டுகளில்தான் அதன் விளைவு மிகப் பெரிதாக இருந்தது. கல்லூரிகள் பெண்கள் அணிகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் வந்தது. 1970-களின் நடுவில் உதவித்தொகைகள் தொடங்கின.

உதவித்தொகை வந்ததும் ஆறு பேர் ஆட்டத்தின் குறை பளிச்சென வெளிப்பட்டது. கல்லூரிகளில் பெண்கள் ஐவர் ஆட்டம் ஆடினர். பந்தெறியவே அனுமதிக்கப்படாத ஒரு மாணவியை எந்தக் கல்லூரி உதவித்தொகை கொடுத்து எடுக்கும்? 1976-இல் டென்னசியின் ஓக் ரிட்ஜ் பள்ளியில் தடுப்பாட்டக்காரியாக இருந்த ஒரு மாணவி இந்தக் காரணத்தை முன்வைத்து வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 1977-இல் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது.

நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு மக்கள் மன்றத்தில் தொடர்ந்தது. பாட் மாற்றத்துக்கு ஆதரவாக வெளிப்படையாகப் பேசினார். ஆறு பேர் ஆட்டத்தைப் பலர் நேசித்தனர். ஊர்ப்பற்றோடு கலந்த மரபு அது. அதை எதிர்த்துப் பேசுவது உள்ளூர்ப் பயிற்சியாளர்களின் பகையைத் தேடிக்கொள்வதாகும். அவர்களுடைய பள்ளிகளிலிருந்துதான் தம் அணிக்கு மாணவியர் வர வேண்டும் என்பது பாட்டுக்குத் தெரியும். தெரிந்தே பேசினார். 1979–80 பருவம் முதல் டென்னசிப் பள்ளிகள் ஐவர் ஆட்டத்துக்கு மாறின. அயோவா மாநிலத்தில் ஆறு பேர் ஆட்டம் 1993 வரையும், ஓக்லஹோமாவில் 1995 வரையும் நீடித்ததை நோக்கினால் இந்த மாற்றத்தின் அருமை விளங்கும்.

பயிற்சி முறை

பாட் சம்மிட்டின் பயிற்சி முறை மூன்று தூண்களில் நின்றது: தடுப்பாட்டம், கூடையில் விழாது தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுதல், உடல் உறுதி. பந்தெறியும் திறன் ஒருநாள் கைகொடுக்கும், மறுநாள் கைவிடும். தடுப்பதும் தெறித்த பந்துக்குப் போராடுவதும் முயற்சியைச் சார்ந்தவை. முயற்சி எந்த நாளும் வீராங்கனையின் கையில் இருக்கிறது என்பது அவரது எண்ணம். தன் அணியினர் கடினமான எதிர்ப்புக்குப் பழக வேண்டும் என்பதற்காகப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண் மாணவர்களைப் பயிற்சி ஆட்டங்களில் எதிரணியாக நிறுத்தினார். பரணில் அண்ணன்மாரோடு ஆடிக் கற்றதன் தொடர்ச்சியாக இதைக் கொள்ளலாம்.

அவர் வகுத்த பன்னிரண்டு நெறிகள் புகழ்பெற்றவை. தன்னையும் பிறரையும் மதித்தல், பொறுப்பேற்றல், தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளல், தன்னைவிட அணியை முன்வைத்தல், வெற்றியையும் தோல்வியையும் ஒரே நிலையில் ஏற்றல் ஆகியவை அவற்றுள் சில. களத்தின் ஓரத்திலிருந்து அவர் பார்க்கும் பார்வையை வீராங்கனைகள் அஞ்சினர். ஆனால் அவரை 'கோச்' என்று அழைக்கவில்லை, 'பாட்' என்றே அழைத்தனர்.

ஆசிரியப் பணியில் இருந்தவர்கள் அவரது வகுப்பறை விதிகளை வியப்போடு படிப்பர். வீராங்கனைகள் வகுப்பில் முதல் மூன்று வரிசைகளில்தான் உட்கார வேண்டும். காரணமின்றி வகுப்புக்குப் போகாதவர் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. நட்சத்திர ஆட்டக்காரர், புதிய ஆட்டக்காரர் என்ற வேறுபாடு இதில் இல்லை. கல்லூரி ஆட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட காலம் முழுவதையும் டென்னசியில் நிறைவுசெய்த அவரது வீராங்கனைகள் அனைவரும் பட்டம் பெற்றனர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில், வருவாய் தரும் அணிகளில், இதற்கு இணை காண்பது அரிது.

வெற்றிகளும் காத்திருப்பும்

அவரது முதல் தேசியப் பட்டம் எளிதில் வரவில்லை. தொடக்கத்தில் பெண்கள் கல்லூரி விளையாட்டை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற பெண்களின் தனி அமைப்பு நடத்தியது. அதன் போட்டிகளில் டென்னசி 1980, 1981 ஆகிய இரு ஆண்டுகளிலும் இறுதி ஆட்டத்தில் தோற்றது. 1982-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான வாகையர் போட்டியைத் தொடங்கியது. 1984-இல் மீண்டும் இறுதி ஆட்டம், மீண்டும் தோல்வி.

இடையே பன்னாட்டுக் களத்தில் வெற்றி வந்தது. 1979-இல் சியோலில் நடந்த உலக வாகையர் போட்டியில் அவர் பயிற்றுவித்த அமெரிக்க அணி தங்கம் வென்றது. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 85–55 என வென்றது. சோவியத் ஒன்றியம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் மான்ட்ரியாலின் கணக்கை நேரில் தீர்க்கும் வாய்ப்பு அமையவில்லை. ஆனால் வீராங்கனையாகப் பதக்கம் வென்று, பயிற்சியாளராகத் தங்கமும் வென்ற முதல் அமெரிக்கக் கூடைப்பந்து ஒலிம்பியன் என்ற சிறப்பு அவருக்கு உரியதாயிற்று.

1987-இல், பயிற்சியாளரான பதின்மூன்றாம் பருவத்தில், டென்னசி முதல் தேசியப் பட்டத்தை வென்றது. இறுதி ஆட்டத்தில் லூசியானா டெக் அணியை 67–44 என வென்றது. பின்னர் 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் கிடைத்தது.

இவற்றுள் 1989-ஆம் ஆண்டு அணியில் ஆடிய கார்லா மெக்கீயைக் குறிப்பிட வேண்டும். 1987-இல் கார் விபத்தில் சிக்கி நினைவிழந்து கிடந்தவர் அவர். மீண்டும் ஆடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பருவம் முழுவதும் ஆடாமல் இருந்து, பின் களத்துக்குத் திரும்பினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியிலும் இடம்பெற்றார்.

1996 முதல் 1998 வரை தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்ற அணியின் மையம் சமீக் ஹோல்ட்ஸ்கிளா. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பாட்டியால் வளர்க்கப்பட்டவர். 1997–98 பருவத்தில் அவரோடு டமிகா கேச்சிங்ஸ், செமிகா ராண்டால் ஆகிய புதுமுக மாணவியர் சேர்ந்தனர். அணி 39 ஆட்டங்களில் ஆடி 39-லும் வென்றது. கேச்சிங்ஸ் பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். சிறுவயதில் கேலிக்கு ஆளாகிக் காதுக்கருவியைத் தூக்கி எறிந்தவர். மீண்டும் கருவியை அணியவும் பேச்சுப் பயிற்சி எடுக்கவும் அவரைத் தூண்டியவர் பாட். பின்னாளில் கேச்சிங்ஸ் நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வென்றார்.

தோல்விகளும் நிறைய உண்டு. குறிப்பாக கனெக்டிகட் பல்கலைக்கழக அணியும் அதன் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மாவும் அவருக்குக் கடும் போட்டியாக அமைந்தனர். 1995-இல் தொடங்கிய அந்தப் போட்டி 2007 வரை 22 ஆட்டங்கள் நீடித்தது. கனெக்டிகட் 13, டென்னசி 9. 1995, 2000, 2003, 2004 ஆகிய நான்கு ஆண்டுகளில் தேசிய இறுதி ஆட்டத்திலேயே டென்னசி அதனிடம் தோற்றது. ஆனால் இவ்விரு அணிகளின் மோதலே பெண்கள் கூடைப்பந்தை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கவைத்தது.

2005 மார்ச்சில் 880-ஆவது வெற்றியைப் பெற்று, அதுவரை முதலிடத்தில் இருந்த ஆண்கள் அணிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தை முந்தினார். டென்னசி அரங்கின் ஆடுகளத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 2009 பிப்ரவரி 5 அன்று 1,000-ஆவது வெற்றி கிடைத்தது.

தனிவாழ்க்கை

1980-இல் ஆர்.பி. சம்மிட்டை மணந்தார். 2008-இல் மணமுறிவு ஏற்பட்டது. ஒரே மகன் டைலர் 1990 செப்டம்பரில் பிறந்தார்.

மகன் பிறந்த நாளைப் பற்றிய செய்தி பரவலாக அறியப்பட்டது. நிறைமாதக் கர்ப்பிணியான பாட், பென்சில்வேனியாவில் மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியைத் தம் அணிக்கு அழைக்கச் சென்றிருந்தார். அங்கேயே பனிக்குடம் உடைந்தது. பேச்சை முடித்துவிட்டே விமானம் ஏறினார். வழியில் வர்ஜீனியாவில் இறக்கிவிடலாமா என்று விமானிகள் கேட்டபோது மறுத்தார். மகன் டென்னசியில்தான் பிறக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் டென்னசியைப் போட்டியிலிருந்து வெளியேற்றியது வர்ஜீனியா அணி என்பதும் ஒரு காரணம். குழந்தை நாக்ஸ்வில்லில் நலமாகப் பிறந்தது. அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் அதே வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் 70–67 என வென்று டென்னசி பட்டம் பெற்றது. மார்சினியாக் முதலில் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பின் டென்னசிக்கு மாறினார். 1996 பட்டத்தில் முக்கியப் பங்காற்றினார்.

நோயும் ஓய்வும்

2011 ஆகஸ்ட் 23 அன்று, தமக்கு இளவயது அல்சைமர் நோய் தொடங்கியிருப்பதாகப் பாட் சம்மிட் அறிவித்தார். அப்போது வயது 59. ஆட்டத்தின் வேகத்தில் அடுத்து எந்த உத்தியைச் சொல்வது என்பது நினைவுக்கு வராமல் தடுமாறியதே அவரை மருத்துவரிடம் கொண்டுசென்றது. மறைத்திருக்கலாம், உடனே விலகியுமிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. நோயைப் பெயர் சொல்லி அறிவித்துவிட்டு, மேலும் ஒரு பருவம் அணியோடு இருந்தார்.

அந்த 2011–12 பருவத்தில் அன்றாடப் பணிகளின் பெரும்பகுதியை ஹாலி வார்லிக் ஏற்றார். வார்லிக் 1976 முதல் 1980 வரை பாட்டிடம் ஆடியவர், பின்னர் 27 ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அணி 27 ஆட்டங்களில் வென்று, 9-இல் தோற்றது. 2012 ஏப்ரல் 18 அன்று பாட் பொறுப்பை வார்லிக்கிடம் ஒப்படைத்தார். அல்சைமர் ஆய்வுக்கும் நோயாளிகளின் குடும்பங்களுக்கும் உதவ ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களின் உத்திகளை நினைவில் வைத்திருந்தவர் நினைவிழப்பு நோயால் 2016 ஜூன் 28 அன்று நாக்ஸ்வில்லில் காலமானார். வயது 64.

சிறப்புகள்

1999-இல் பெண்கள் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தின் முதல் தொகுதியினருள் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். அந்த மண்டபம் நாக்ஸ்வில் நகரிலேயே அமைந்துள்ளது. 2000-இல் ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். 2012-இல் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை அளித்தார். 2013-இல் டென்னசி பல்கலைக்கழக வளாகத்தில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

வரலாற்று இடம்

மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் பயிற்சியாளராகச் சிறக்காமல் போனதுண்டு. தமக்கு இயல்பாக வந்ததைப் பிறருக்கு விளக்க அவர்களால் இயல்வதில்லை. பாட் சம்மிட் கடினமாகக் கற்றவர். உதவித்தொகை இன்றி, நல்ல அரங்கு இன்றி, அறுந்த முழங்காலோடு கற்றவர். ஒவ்வொரு படியையும் அவர் உணர்ந்தே ஏறியதால், அந்தப் படிகளை மாணவியருக்குக் காட்ட முடிந்தது.

1990-களில் டென்னசியின் ஆண்கள் அணியைப் பயிற்றுவிக்கும் பேச்சு வந்தபோது அவர் மறுத்தார். அதைப் பதவி உயர்வு என்று ஏன் கருத வேண்டும் என்பது அவரது எதிர்க்கேள்வி. 2006-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழி, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பெற்ற முதல் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனார். மாதம் 250 டாலரில் தொடங்கியவர் அவர்.

இந்த வளர்ச்சிக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. 1972-இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தனர். பாட் ஓய்வுபெற்ற காலத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பணமும் மதிப்பும் வந்ததும் ஆண் பயிற்சியாளர்கள் பெண்கள் விளையாட்டை நாடி வந்தனர். கதவைத் திறந்துவைத்த சட்டம், கற்பிக்கும் இடத்தைப் பெண்களுக்கு உறுதிசெய்யவில்லை. இந்தச் சூழலில் பாட்டின் மாணவியர் பலர் பயிற்சியாளர்களானது சிறப்பாகக் கருதத் தக்கது. ஹாலி வார்லிக்கும், 1990-களின் அணியில் ஆடிய கெல்லி ஹார்ப்பரும் அவருக்குப் பின் டென்னசியைப் பயிற்றுவித்தனர். காரா லாசன் டியூக் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார்.

பாட் சம்மிட்டின் 1,098 வெற்றிகள் அவர் ஓய்வுபெற்றபோது ஆண், பெண் இருபாலரிலும் கல்லூரிக் கூடைப்பந்தின் உச்ச எண்ணாக இருந்தன. பின்னர் வந்தவர்கள் அதைக் கடந்துவிட்டனர். 2020 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு பயிற்சியாளர் டாரா வாண்டர்வீர் பெண்கள் பிரிவில் அதை முந்தினார். வெற்றி எண்ணிக்கை கடக்கப்படுவது விளையாட்டின் இயல்பு. தமக்குக் கிடைக்காத உதவித்தொகையைத் தம் மாணவியருக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக அவர்களிடம் பட்டத்தை எதிர்பார்த்து, முழுக்காலமும் தம்மிடம் ஆடிய ஒருவரையும் பட்டமின்றி அனுப்பாத சாதனை கடக்க முடியாதது. அதை எவரும் சமன் செய்யத்தான் முடியும்.